நசுங்கிய தகரத் தட்டு

எங்கள் ஊரின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டிருந்தேன். இங்கிருந்த பழைய தொற்றுநோய் ஆஸ்பத்திரி எந்த ஆண்டில் மூடப்பட்டது என்று கேட்கத்தான் வத்தேகமவுக்கு ஹபீபா மாமியைத் தேடிப் போனேன். சிறுவயதில் தொண்டை அடைப்பான் நோயோடு அங்கே கிடந்தவர் அவர்.

"ஆண்டெல்லாம் ஞாபகமில்ல மகன். உள்ளுக்குப் போற சாமான் திரும்பி வராது. அதனால உம்மா நசுங்கின தகரத் தட்டுல சோறு அனுப்பினாங்க. அதப் பாத்ததும், என்னையும் வீட்டுல கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சிட்டேன். உம்மா மவுத்தாகும் வரைக்கும் அதப் பத்திக் கேக்கவே இல்ல."

அன்று எனக்கு விடாத இருமல். "எனக்குப் பழைய கோப்பை போதும், மாமி" என்றேன்.

அவர் முகம் மாறியது. அலுமாரியைத் திறந்து, பெருநாளைக்கு எடுக்கும் கோப்பையில் தேநீர் ஊற்றித் தந்தார். பிறகு அதை மற்றக் கோப்பைகளோடு சேர்த்தே கழுவினார்.

அந்தத் தட்டை எந்த ஆண்டின் கீழ் எழுதுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.