பின்கதவு

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறார். சாத்துகிறார். மறுபடி திறந்துகொண்டு உள்ளே வருகிறார். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கிறார். எந்த அரசு அலுவலகத்துக்குப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் போனாலும் முதல் அரைமணி நேரம் அவருக்கு இப்படித்தான் கழியும். வரவேற்க வேண்டிய அதிகாரி முன்வாசலில் நிற்பார். இவர் பின்வாசலில் போய் வந்துகொண்டிருப்பார்.

"டீ ஆறிடுது சார்."

"ஆறட்டும். இந்தக் கதவுக்கு எத்தனை சாவி? யார்கிட்ட இருக்கு? அவரு இன்னைக்கு வந்திருக்காரா?"

துறைகளில் அவருக்கு 'ஆட்சேபணை' என்று பெயர். 'ஆட்சேபணை கிளம்பிட்டாரு' என்று தகவல் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அவர் நுழையும்போது தீயணைப்பான்களில் தூசி இருக்காது, பூட்டுகளில் எண்ணெய் மணக்கும். "நான் போறதுக்குள்ளயே பாதிக் குறை சரியாயிடுது. நான் திரும்பினதும் பழையபடி ஆயிடுது. இடையில நான் எதுக்குன்னுதான் தெரியல" என்பார், சிரிக்காமல்.

அவருடைய அலுவலகம் எந்த அமைச்சருக்கும் கட்டுப்பட்டதல்ல. யாரை வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. பூட்டியிருக்கிறது என்று ஆட்சேபணை எழுதலாம். பூட்டை உடைக்க முடியாது. துறை பதில் அனுப்பும். பதில் சரியாக இருந்தால் பச்சை மையில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதி, அந்த ஆட்சேபணையை முடித்துவிட வேண்டும்.

ஊரையே சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிற மனிதர், வீட்டில் யார் எதைச் சொன்னாலும் நம்புவார். குழாய் சரிசெய்கிறவர் 'நாளைக்கு வரேன்' என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "எழுத்துல மட்டும் குடுத்துட்டீங்கன்னா, சூரியன் மேற்கே உதிக்குதுன்னாலும் எங்க வீட்டுக்காரர் கையெழுத்து போட்டுடுவார்" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆறு வருடங்களாகச் சொல்வதில்லை.

ஏழு வருடங்களுக்கு முன்னால் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டைப் பார்த்துவிட்டு, பின்படிக்கட்டுக் கதவு பூட்டியே கிடக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த வழியாக மருந்து திருடு போகிறதாம், அதனால் பூட்டு. ஒரு மாதத்தில் பதில் வந்தது. பூட்டு அகற்றப்பட்டது, புகைப்படம் இணைப்பு. படத்தில் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே வெயில்கூடத் தெரிந்தது. மேசையில் இன்னும் நாற்பது கோப்புகள். 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார்.

படம் எடுப்பதற்காகத் திறந்த கதவை, படம் எடுத்த கையோடு பூட்டிவிட்டார்கள்.

அடுத்த கோடையில் வார்டில் மின்கம்பி தீப்பிடித்தது. பணியிலிருந்த நர்ஸ் குழந்தைகளையெல்லாம் முன்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பிப் போனாள். யாரும் மிச்சமில்லை. அதற்குள் புகை முன்வழியை அடைத்துக்கொண்டது. பின்கதவருகில்தான் அவளைக் கண்டெடுத்தார்கள்.

விசாரணையில் காவலாளியைக் கேட்டார்கள், கண்காணிப்பாளரைக் கேட்டார்கள். இவரை யாரும் கேட்கவில்லை. அறிக்கையில் இவரைப் பற்றி ஒரே வரி: 'தணிக்கை விதிப்படி நடந்துள்ளது.' அந்த வரியை அவரால் தாங்க முடியவில்லை. தன்மீதே ஓர் ஆட்சேபணை எழுதினார், பச்சை மையில், வரிசை எண் போட்டு: 'நேரில் பார்க்காமல் பதிலை ஏற்றது ஏன்?' மேலதிகாரிக்கு அனுப்பினார். மூன்று மேலதிகாரிகள் மாறிவிட்டார்கள். பதில் வரவில்லை. அன்றிலிருந்து படம் இணைத்த பதிலை அவர் ஏற்பதில்லை. பேருந்து பிடித்துப் போய்க் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். முந்நூறு கதவுகளாவது தொட்டிருப்பார். அந்த மருத்துவமனைக்கு மட்டும் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிடுவார்.

இந்த மாதக் கடைசியில் ஓய்வு. போன வாரம் மேலதிகாரி, அவர் மகள் வயதுதான் இருக்கும், அந்தப் பழைய கோப்போடு அவர் மேசைக்கே வந்தாள்.

"உங்க மேல நிலுவையில ஒண்ணு இருக்கக் கூடாது சார். நானே பதில் எழுதிட்டேன். விதிப்படி உங்க தப்பு எதுவும் இல்ல. இப்ப அந்தக் கதவுல பூட்டே கிடையாது, பாருங்க, படம் கூட வாங்கி வெச்சிருக்கேன். ஏத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மூடியைத் திரும்ப மாட்டினார்.

"போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்மா."

"எனக்காகக்கூட ஏத்துக்கக் கூடாதா சார்?"

"உங்க பதில் சரியாத்தாம்மா இருக்கும். அன்னைக்கு வந்ததும் சரியாத்தான் இருந்துச்சு."

மதியம் வார்டுக்குப் போனார். சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். கட்டில்களுக்கு நடுவே, யாரையும் கேட்காமல், நேராகப் பின்பக்கம் நடந்தார். பூட்டு இல்லை. விரலால் தொட்டதும் கதவு திறந்துகொண்டது. வழக்கமாக வெளியே போய், சாத்தி, மறுபடி உள்ளே வருகிறவர், அன்று போகவில்லை. கதவை முழுக்கத் திறந்து முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தாள். "யாராச்சும் வராங்களா சார்?"

அவர் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.