பாட்டுக்குள் மாடு பூந்த கதை

எங்கள் வீட்டில் ஒரு பாட்டு உண்டு. சினிமாப் பாட்டுதான், ஊரெல்லாம் கேட்டதுதான். ஆனால் எங்கள் கேசட்டில் மட்டும் பல்லவி முடிந்து புல்லாங்குழல் தொடங்கும் இடத்தில் ஒரு மாடு வரும்.

அப்பா அதை ரேடியோவிலிருந்து பதிவு செய்தார். ரேடியோ எங்களுடையது. டேப் ரெக்கார்டர், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் வாங்கியது. இரண்டையும் எதிரெதிரே வைத்துவிட்டு அப்பா ஃபேனை அணைத்தார். அடுப்பிலிருந்த குக்கரை இறக்கச் சொன்னார். எட்டு வயதான எனக்கு, மூச்சு விடலாம், மூக்கை உறிஞ்சக்கூடாது என்று உத்தரவு. எனக்கோ அன்று நல்ல சளி.

பாட்டு வந்தது, பல்லவி முடிந்தது. அந்த நேரம் பார்த்து சிதம்பரத்திலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி. வாசலிலிருந்தே அப்பாவுக்குக் குரல் கொடுத்தார்.

"மாமா, கேட்டு தொறந்து கெடக்கு, மாடு பூந்துடுச்சு."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வா மச்சான், நல்ல நேரத்துலதான் வந்த."

இரண்டும் கேசட்டில் ஏறிவிட்டன. சாயங்காலம் ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதற்குள் ரேடியோக்காரர்கள் இன்னொரு முறை போடவா போகிறார்கள்? அதோடு விட்டுவிட்டோம். பிறகு அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும், அந்த இடம் வந்ததும் மாமா மாட்டைச் சொல்வார், அப்பா மச்சானைச் சொல்வார். கல்யாண வீடு, பஸ், டீக்கடை என்று வித்தியாசம் கிடையாது. அப்போது கைக்குழந்தையாக இருந்த என் தம்பி, மாடும் பாட்டில் ஒரு வரி என்றே நம்பி வளர்ந்தான். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில் அப்படியே பாடியும் விட்டான். கைதட்டல் வேறு. இறங்கி வந்தவனிடம், "மாடு எங்கேருந்துடா வந்துச்சு?" என்று டீச்சர் கேட்டதற்கு, "கேட்டு வழியா" என்றானாம்.

ஒரு பாட்டைத் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நான் முழுசாக நம்புவதில்லை. அந்தப் பாட்டு ஓடியபோது பக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்திருக்கும். பாட்டுக்கு அதில் பாதிப் பங்குகூட இருக்காது.

அப்படிப்பட்ட மாமாவும் அப்பாவும் ஏழு வருஷம் பேசாமல் இருந்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, அழைப்பிதழில் மாமாவின் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் அப்பா. ப்ரூஃப் பார்த்தது யார் என்று கேட்டார் மாமா. பார்த்தது அப்பாதான். மாமா வந்தார், சீர்த்தட்டை வைத்தார், ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். விசேஷ வீட்டில் கை நனைக்காமல் போவதைவிடப் பெரிய திட்டு எங்கள் பக்கத்தில் கிடையாது. "இனிமே அவன என் வாயால வான்னு சொல்ல மாட்டேன்" என்றார் அப்பா. சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். சொந்தக்காரர் கல்யாணங்களில் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "ஒன் தம்பிக்கு சுகர் எப்படி இருக்காம்?" என்று அம்மாவிடம் விசாரிப்பார். அம்மா தலையைத் திருப்பித் தம்பியிடம் கேட்டு, பதிலை வாங்கித் திரும்பச் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புடவையும் வேட்டியும் வரவேண்டும். அம்மாவும் நானும் வெற்றிலை பாக்கோடு சிதம்பரம் போனோம். மாமா அம்மாவை உட்காரவைத்து, காபி கொடுத்து, தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நீ கூப்புட்ட, துணி எடுத்தாந்து கட்டாயம் வைக்கிறேன் அக்கா. ஆனா மாமா வாயால ஒரு வார்த்த வான்னு வந்தாதான் பந்தியில ஒக்காருவேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். "நான் கண்ண மூடறதுக்குள்ள இதுங்க ரெண்டும் பேசிக்குமாடி?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். கடலூர் வரும் நேரத்தில் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். பல்லவி முடிந்தது. அம்மா தன்னையறியாமல், "மாடு பூந்துடுச்சு" என்று முணுமுணுத்தாள். சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

விசேஷத்தன்று நாதஸ்வரக்காரரிடம் போய், தாலி கட்டி முடிந்ததும் அந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னேன். "பல்லவி முடிஞ்சதும் கொஞ்சம் நிறுத்துங்க."

"என்னாத்துக்கும்மா?"

"ஒரு மாடு வரணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

தாலி கட்டியாயிற்று. மாமா புடவை வேட்டித் தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். இலை போடும் சத்தம் கேட்டதும் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அந்த நேரத்தில் பாட்டு தொடங்கியது. பல்லவி முடிந்தது. நாதஸ்வரம் நின்றது, தவில் மட்டும் மெதுவாக ஓடியது. மாமா மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். அப்பா மாலையைச் சரிசெய்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் பல்லவியை எடுத்தார். மறுபடியும் நிறுத்தினார்.

"மாமா, கேட்டு தொறந்து கெடக்கு." குரல் கரகரப்பாக வந்தது. கையில் ஒரு செருப்போடு மாமா நின்றுகொண்டிருந்தார். "மாடு பூந்துடுச்சு."

மணையில் இருந்த அப்பா யோசிக்கவே இல்லை. "வா மச்சான், நல்ல நேரத்துலதான் வந்த."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. மண்டபத்தில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், கண் கலங்கிப்போயிருந்தது. மாமா செருப்பைக் கீழே போட்டார். "வந்துட்டேன் மாமா" என்றார். முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். சுகரை மறந்து இரண்டு தரம் பாயசம் வாங்கினார். அம்மா பட்டுப்புடவையோடு பக்கத்தில் நின்று பரிமாறினாள், யார் சொல்லியும் கரண்டியைக் கொடுக்கவில்லை.

என் தம்பி அதையெல்லாம் போனில் பதிவு செய்திருக்கிறான். பழைய கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்துப்போனது, இப்போது எங்களுக்கு இதுதான் பாட்டு. இதிலும் மாடு இருக்கிறது, வா மச்சான் இருக்கிறது, அதற்கு அடுத்தாற்போல் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தமும் இருக்கிறது. என் மகளுக்கு ஐந்து வயது. அவள் பாடும்போது மாட்டைச் சொல்லி, மச்சானைக் கூப்பிட்டு, கடைசியில் மறக்காமல் ஒரு தரம் மூக்கையும் உறிஞ்சுகிறாள். நாங்கள் யாரும் திருத்தவில்லை.