பச்சையாகவே இருந்த திரை

நாங்கள் கட்டிய கிளினிக் முன்பதிவுத் தளத்துக்கு ஒவ்வொரு பகுதியும் வேலை செய்கிறதா என்று தானாகவே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் அமைக்க, பத்து காவான் ஊரிலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் அவர். கசங்காத சட்டை. தினமும் எல்லாம் சரி என்று திரையில் பச்சை டிக் விழுந்ததும் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பிவிடுவார்.

எனக்குச் சந்தேகம். முன்பதிவுப் பொத்தானின் நிரல் முழுவதையும் அழித்துப் பார்த்தேன். சிவப்பு வந்திருக்க வேண்டும். அப்போதும் எல்லாம் பச்சை! அந்த டெஸ்ட் எதையுமே சோதிக்கவில்லை.

"என்னண்ணே இது, ஏமாத்து வேலை?" என்று கத்தினேன்.

"சிவப்பு வந்தா பாஸ் கேள்வி கேப்பாரு தம்பி. பச்சைன்னா எல்லாருக்கும் சந்தோஷம்லா," என்று சிரித்தார்.

கோபத்தில் எழுந்து போன நான், அழித்ததைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். அது அப்படியே தளத்தில் ஏறியது. இரண்டு நாள் ஒரு நோயாளியாலும் முன்பதிவு செய்ய முடியவில்லை.

முதலாளி என்னைத்தான் காய்ச்சியெடுத்தார். அந்த இரண்டு நாளும் அந்த மனிதர் தவறாமல் படம் அனுப்பியிருந்தார். எல்லாம் பச்சை.