ஆடி மாதத்துக் காலி வீடு

மகன் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் லேலோங்கில் வீடு எடுத்தான். தவணை கட்ட முடியாமல் போனதால் பேங்க் ஏலத்துக்கு விட்ட வீடு. இருந்தவர்களும் நம் ஆட்கள்தான். அவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், சாவி எங்கள் கைக்கு வந்தபோது ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"இந்த வாரமே போயிடலாம்மா. காலியா விட்டா வயரு, பைப்பு, கேட்டு எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிருவானுங்க" என்றான் மகன்.

"ஆடியில யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா? ஆவணி பொறக்கட்டும். அதுவரைக்கும் வீட்ட நான் பாத்துக்கிறேன்."

"நீங்க ஜாகாவா? விளங்கிரும் லா!"

"ஆமா, சம்பளம் கேக்காத காவக்காரி" என்றேன்.

சொன்னால் செய்வேன். இருபத்தெட்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள் நான். ஒரு நாள்கூட என் பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாமல் இருந்ததில்லை.

முதல் நாள் மகன் முன்கதவுப் பூட்டை மாற்றினான். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ, யார் கண்டது? கேட்டுக்கும் புதுப் பூட்டு. மெயின் சுவிட்சை அடைத்தான். பின்பக்கக் கிரில்லில் தொங்கிய பழைய பூட்டு மட்டும் நல்ல கனமாக இருந்தது. "இது போதும், எதுக்கு வீணாக்குறே?" என்று நான்தான் தடுத்தேன்.

தினமும் காலையில் நாங்கள் இருந்த ரெம்பியாவிலிருந்து பஸ் ஏறுவேன். பால் காய்ச்சாத வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, படுக்கவும் கூடாது. அதனால் டிபன் கேரியரில் சோறு, பிளாஸ்க்கில் டீ. பொழுது சாயும் முன் திரும்பிவிடுவேன். நான் இல்லாத நேரத்துக்கும் ஆள் இருப்பதுபோல் தெரிய வேண்டுமே! மகனின் பழைய சப்பாத்து இரண்டு ஜோடியை வாசலில் போட்டேன். கொடியில் ஒரு நாள் கைலி, ஒரு நாள் பாவாடை என்று மாற்றி மாற்றித் தொங்கவிட்டேன். எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பத்தாம் நாள் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும்.

"இந்த வீட்ட எடுத்தவங்களாம்மா?"

"ஆமா. குடிவந்து பத்து நாளாச்சு" என்று கூசாமல் சொன்னேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "பத்து நாளா வாசல்ல ஒரு கோலம் இல்ல. சப்பாத்துல சிலந்தி குடிவந்திருக்கு, நீங்க வரலியே."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "நீ யாரும்மா?"

"இங்க இருந்தவ."

கையில் ஒரு சாவியை நீட்டினாள். பின்பக்கக் கிரில்லின் சாவி. "அந்தக் கிரில் அவரு கையால அடிச்சுப் போட்டது. பேங்குக்கு ஏன் விடணும், கழட்டிட்டு வரேன்னு குதிச்சிக்கிட்டு இருக்காரு. பாக்கெட்லேருந்து எடுத்துட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் கேட்டைத் திறந்தேன். அவள் நேராகப் பின்பக்கம் போய், அடுப்படிச் சன்னலில் மூன்றாவது கண்ணாடிப் பலகையை வெளியிலிருந்து இழுத்தாள். சத்தமே இல்லாமல் கையோடு வந்தது.

"சாவி மறந்துட்டா இதுல கைய விட்டுத்தான் கதவத் தொறப்போம்."

பத்து நாளும் அந்தச் சன்னலுக்குக் கீழேதான் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன்.

உள்ளே கூப்பிட்டேன். "வேணாம்மா. வந்தா இத ஏன் இங்க வச்சீங்க, அத ஏன் அங்க வச்சீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றாள். பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்த டீயை நின்றபடியே குடித்தாள்.

"எனக்காக எதுக்கும்மா இவ்வளவு தூரம்?"

"உங்களுக்காக இல்லம்மா. அவரு போலீஸ்ல மாட்டக் கூடாது."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் மறுநாளே பின்பக்கப் பூட்டை மாற்றச் சொன்னேன். பூட்டு விஷயத்தில் தப்பு என்னுடையது என்று மகனிடம் ஒத்துக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை. அவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான். கண்ணாடிக்குப் பின்னால் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முடுக்கினான். நானும் தினம் வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன்.

ஆடி முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது, மத்தியானம் பின்பக்கம் பூட்டு ஆடுகிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன். கிரில்லுக்கு வெளியே ஓர் ஆள். காலடியில் ஸ்பேனர்ப் பை. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"இது நான் போட்ட கிரில்லு" என்றார்.

"தெரியும்பா. நானும் பிடிச்சு ஆட்டிப் பாத்தேன், அசையவே இல்ல. நல்ல வேலை."

அவர் கிரில்லை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். "அடியில துரு ஏறுது. வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கணும்" என்றார். பையை எடுத்துக்கொண்டு பின்சந்து வழியே நடந்தார்.