ஒரு காதில் மட்டும்

அக்காவை நினைக்கும்போதெல்லாம் முதலில் அந்தச் சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. எலக்ட்ரிக் கிட்டாரை ஸ்பீக்கரில் இணைக்காமல் ஹெட்போனில் வாசித்தால், பக்கத்தில் இருப்பவருக்குக் கம்பியைச் சுண்டும் சத்தம் மட்டுமே கேட்கும். அடுத்த அறையில் யாரோ நகம் வெட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும் அது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், விளக்கைக்கூடப் போடாமல் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து அக்கா வாசிப்பாள். தலை லேசாக ஆடும். கண் மூடியிருக்கும். அவள் காதுக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. எனக்கு அந்த டிக், டிக் மட்டும்தான்.

அவள் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். காலையில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வர இருட்டிவிடும். பாண்டிச்சேரியில் படித்தபோது அறைத்தோழி ஒருத்தியிடம் கிட்டார் கற்றுக்கொண்டாள். வேலை கிடைத்ததும் முதலில் வாங்கியது ஒரு சிவப்பு கிட்டார். அதைப் பார்த்து அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு பழகிப்போனாள். அப்பா முன்பே இல்லை. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலையில் இருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்ததும், பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை அமர்த்தினோம். சாயங்காலத்துக்கு மேல் அக்காதான். அவளுக்கு வந்த வரன்களை அவளே தட்டிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவளிடம் நான் அதைக் கேட்டதில்லை.

ஹெட்போனை அவள் மாட்டும் விதம் வேடிக்கையாக இருக்கும். வலது காதில் சரியாக உட்காரும். இடதுபக்கக் குமிழை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருப்பாள். அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்போல என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை லீவில் வந்திருந்தபோது அம்மா கட்டில் கம்பியில் எவர்சில்வர் டம்ளரைத் தட்டினாள். இடதுகையால், மெதுவாக, இரண்டு தட்டு. பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அக்கா கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காது டம்ளருக்காகத் திறந்திருந்தது.

கிட்டார் என்றால் ஒரு கிட்டாரோடு முடிவதில்லை. சத்தத்தை இழுக்க ஒன்று, உடைக்க ஒன்று, குகைக்குள் இருப்பதுபோல விரிக்க ஒன்று என்று சின்னச் சின்னக் கருவிகளாக வாங்கிச் சேர்த்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர், இரண்டு ஒயர். கூடத்துத் தரை முழுக்கக் கறுப்பு ஒயர்கள் கிடக்கும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வந்த பிறகு சிக்கல் ஆரம்பித்தது. நாற்காலியைத் தெருவாசலுக்குத் தள்ள வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிச் சுருட்ட வேண்டும், திரும்ப வந்து இணைக்க வேண்டும். ஒருநாள் சக்கரம் ஒயரில் சிக்கி அம்மா முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். விழவில்லை. அன்றைக்கு ராத்திரியே அக்கா எனக்கு போன் செய்தாள்.

"எல்லாத்தையும் நிக்கவெச்சு ஒரே பொட்டியில அடைச்சுடப் போறேன்டா. அடியில சக்கரம் வெச்சுட்டா ஓரமா தள்ளிக்கலாம்" என்றாள்.

ரேக் என்று அதற்குப் பெயர். பெரிய மேடைகளில் கிட்டார் வாசிப்பவர்கள் பின்னால் ஆளுயரத்துக்கு விளக்கு மின்ன நிற்குமே, அது. ப்ரீஆம்ப், எஃபெக்ட்ஸ், பவர் ஆம்ப் என்று சத்தத்தைக் கூட்டவும் மாற்றவுமான கருவிகள் எல்லாம் ஒரே அகலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் திருகி நிற்கும். தயாராக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று வீட்டிலேயே செய்யத் தீர்மானித்தாள். ஆனால் அந்த அளவுக்குத் துளை போட்ட சட்டம் கள்ளக்குறிச்சியில் எந்த ஹார்டுவேர் கடையிலும் இல்லை. கடைசியில் அது பழைய இரும்புக் கடை பாயிடம் கிடைத்தது. ஒரு கேபிள் டி.வி. ஆபீஸில் கழித்துப்போட்ட ரேக்கை எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார். இரண்டு தொழிலுக்கும் ஒரே அளவுதான் என்பது அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது.

"இன்னாம்மா, வூட்லயே கேபிள் ஆபீஸ் போடப் போறியா?" என்று பாய் கேட்டாராம். "போட்டீன்னா மொத கனெக்சன் எங்க வூட்டுக்குக் குடு. இப்ப இருக்கறவன் சரியில்ல."

அந்தப் பொங்கல் லீவில் நானும் அவளும் பிளைவுட் பலகையை அறுத்துப் பெட்டி செய்தோம். அறுத்தது நான், அளந்தது அவள். நான் ஒரு நூல் தப்பாக அறுத்தாலும் மறுபடியும் அறுக்கச் சொன்னாள். ஒயர்களை வேண்டிய நீளத்துக்கு வெட்டி அவளே பற்றவைத்தாள். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றி, எங்கிருந்து எங்கே போகிறது என்று பொடி எழுத்தில் எழுதினாள். ரத்தக் குப்பிகளில் பெயர் எழுதுகிற அதே கையெழுத்து. இரண்டு நாளும் நாங்கள் வேறு எதையும் பேசியதாக நினைவில்லை. அதைப் புடி, இங்க திருப்பு, டார்ச்ச மேல காட்டு. அவளோடு நான் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருந்தது சின்ன வயதுக்குப் பிறகு அப்போதுதான்.

எல்லாம் முடித்து ஸ்விட்சைப் போட்டால் 'உர்' என்று ஓர் இரைச்சல். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது நிற்கவில்லை. கரண்டு ஒயர்களை இடப்பக்கமும் கிட்டார் ஒயர்களை வலப்பக்கமுமாகப் பிரித்துக் கட்டிப் பார்த்தாள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "பொட்டியில கோளாறு இல்லீங்க. வூட்டு எர்த்து காஞ்சு கெடக்கு" என்று சொன்னார். கொல்லையில் எர்த் கம்பி புதைத்த குழியில் உப்பைப் போட்டு இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினோம். நான் ஊற்ற ஊற்ற, அக்கா உள்ளேயிருந்து "கொறையுது, கொறையுது" என்று கத்தினாள். வீட்டுக்குள் அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அம்மாவை நாற்காலியில் வைத்துக் கூடத்துக்குத் தள்ளிவந்து காட்டினோம். பச்சையும் சிவப்புமாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்த பெட்டியை அம்மா கொஞ்சநேரம் பார்த்தாள். கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "இன்னாடி இது? நடுவூட்ல பிரிட்ஜா?"

அக்கா அப்படியொரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஹெட்போனை என் தலையில் மாட்டி, இரண்டு காதையும் மூடிவிட்டாள். வாசித்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஒரு சுரம் எழுந்து, நீண்டு, மெதுவாகத் தண்ணீரில் கரைவதுபோலக் கரைந்தது. அது முடிவதற்குள் இன்னொன்று அதன்மேல் வந்து நின்றது. இத்தனை வருடமாக இந்தக் கூடத்தில் இதுவா நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திடீரென்று நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் அக்கா எழுந்து போயிருந்தாள். அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

அந்த வருட மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். காரியங்கள் முடிந்து நான் ஓசூர் திரும்பினேன். அடுத்த மாதம் வந்தபோது வீடு பெரிதாகத் தெரிந்தது. கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அக்கா ரேக்கைத் தள்ளிவந்து, ஸ்விட்சைப் போட்டு, ஹெட்போனை மாட்டினாள். இடதுபக்கக் குமிழ் காதுக்குப் பின்னால்தான் இருந்தது.

"இனிமே ரெண்டு காதுலயும் மாட்டலாமே அக்கா" என்றேன்.

அவள் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மாட்டிப் பாத்தேன்டா. மாட்டுனா யாரோ கூப்புட்டுக்கினே இருக்கற மாதிரி கீது. கழட்டிக் கழட்டிப் பாக்கறேன்."

பாயை விரித்துப் படுத்துவிட்டேன். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

அவள் வாசிப்பாள் என்பது மலையில் யாருக்கும் தெரியாது. அங்கே புதிதாக வந்த டாக்டரம்மா, ஏதோ பரிசோதனையைச் செய்து காட்டச் சொன்னபோது அக்கா தன் இடதுகை விரலிலேயே ஊசியை வைத்திருக்கிறாள். ஊசி இறங்கவில்லை. டாக்டரம்மா விரலைப் பிடித்துப் பார்த்து, நுனியெல்லாம் காய்த்திருக்கிறதே என்று கேட்க, விஷயம் வெளியே வந்துவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து அந்த டாக்டரம்மாவுக்கு மாறுதல் வந்தபோது, பிரிவு உபசார விழாவில் நீதான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா என்னை வரச்சொன்னாள். அவள் என்னை வா என்று கூப்பிட்டது அபூர்வம்.

ஒரு குட்டியானை வண்டியில் ரேக்கை ஏற்றினோம். அம்மாவின் மெத்தையை அதற்குச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மேலே, பலாமரத்தடியில் சாமியானா போட்டிருந்தார்கள். நர்சுகள், ஆம்புலன்ஸ் டிரைவர், பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள் எல்லாருமாகச் சேர்த்தால் ஒரு பள்ளி வகுப்பு அளவுக்கு இருப்பார்கள். வோல்டேஜ் ஏறி இறங்கி ஸ்டெபிலைசர் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா யாரையும் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று வாசிக்க ஆரம்பித்தாள்.

சினிமாப் பாட்டு எதிர்பார்த்திருந்தார்கள். ஒருவர் எழுந்தே கேட்டுவிட்டார், "எதுனா பழைய பாட்டா போடும்மா." அக்காவுக்குச் சினிமாப் பாட்டு எதுவும் வாசிக்கத் தெரியாது. அவள் வாசித்ததெல்லாம் அந்தக் கூடத்தில் தானாகச் சேர்த்து வைத்தது. அவள் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்றதும் பாதிப்பேர் எழுந்துபோனார்கள். நிறுத்திவிடு அக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை. ஒரு நீண்ட சுரத்தை வாசித்துவிட்டுக் கையை எடுத்தாள். அது எதிர்ச் சரிவில் மோதி, கொஞ்சம் தாமதித்து, மெலிந்து திரும்பி வந்தது. அவள் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடியும் அதே சுரம். மறுபடியும் காத்திருந்தாள்.

இறங்கும்போது வண்டியில் பெட்டியை மறுபடியும் கட்டிப்பிடித்திருந்தேன். ஆறுதலாக எதையாவது சொல்லவேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். கோமுகி அணை கண்ணில் பட்டபோது அவளே பேசினாள்.

"ரெண்டு காதுலயும் கேட்டேன்டா" என்றாள்.

அடுத்த மாதமே மலையில் ஊழியர் குடியிருப்பில் வீடு கேட்டு எழுதிப் போட்டுவிட்டாள். பாழடைந்து கிடந்த வீடு, அதனால் உடனே கிடைத்தது. ரேக்கும் கிட்டாரும் இரண்டு பெட்டித் துணியும் போயின. கள்ளக்குறிச்சி வீட்டுச் சாவியில் ஒன்று என்னிடம் இருக்கிறது. பண்டிகைக்கு வந்து திறந்தால் கூடத்தில் ரேக் நின்ற இடம் மட்டும் தரை வேறு நிறத்தில் இருக்கிறது. அக்காவுக்கு போன் போட்டால் பாதி நாள் டவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு முடிந்துவிடும். ஓசூரில் என் அறையில் இன்னும் நான் ஒருவன்தான். இரவு ஷிப்டு முடிந்து வந்து படுத்தால், பக்கத்து அறைக்காரர்கள் காலை வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்கும். கள்ளக்குறிச்சி வீட்டில் தனியாக இருப்பவள் அவள் என்று எண்ணித்தான் நான் இத்தனை காலம் மாதாமாதம் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் மலைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஓர் அம்மாள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"லேப் அம்மா மீட்டிங்குனு காலையிலயே கீழ போயிட்டாங்களே" என்றார். "நீங்க இன்னா ஓணும் அவங்களுக்கு?"

"தம்பிங்க."

"அந்தப் பொட்டிய கூட ஒக்காந்து செஞ்ச தம்பிங்களா?"

தலையை ஆட்டினேன். அவர் உள்ளேயிருந்து ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டார். சாயங்காலமானால் அக்கா கதவைத் திறந்துவைத்து வாசிப்பாளாம். அந்த நேரத்தில் இவர்கள் வீட்டில் டி.வி. போடுவதில்லையாம். நேற்று வாசிக்கவில்லையாம். உடம்பு சரியில்லையோ என்று இவரே போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"எப்பிடி வாசிப்பாங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"ரெண்டே தடவதான் கேட்டிருக்கேன்."

அவர் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார். "எப்பிடிச் சொல்றதுங்க... மொதல்ல ஒண்ணுமே இருக்காது. சும்மா கெடக்கும். அப்புறம் பாத்தா வந்து நின்னுக்கினு இருக்கும்."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. மணையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேட்டேன்.