மூடாத வீடியோ

நெடுந்தீவில் கடல் கொந்தளித்துப் படகு நின்ற நாள். கனடாவிலுள்ள மகன் அமைத்துத் தந்த லினக்ஸ் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. யாழ்ப்பாணம் கொண்டுபோக வழியில்லை. அயலாரைக் கேட்க என் கௌரவம் விடவில்லை. இருப்பதில் பெரிய கோப்பை அழித்தேன். குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினேன். இடம் துளியும் கூடவில்லை.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"பெரிசெண்டால், அது அப்பா கண் மூடமுன்னம் கதைச்ச வீடியோவெல்லோ, அம்மா! வேற கொப்பி இல்லை."

கணினியை அணைக்கக் கை நீட்டினேன். "நிப்பாட்டித் திரும்பப் போடட்டோ, தம்பி?"

"தொடாதேங்கோ! நீங்கள் ஒவ்வொரு நாளும் காலமை பார்க்கிற அந்த வீடியோவை மூடினனீங்களோ?"

"அவரின்ரை முகத்தை நான் ஒருநாளும் மூடுறேல்லை."

"அப்ப தப்பிச்சம். அழிச்சாலும், திறந்து கிடக்குமட்டும் கோப்பு உள்ளுக்கை இருக்கும். அதாலைதான் இடம் வரேல்லை."

அங்கிருந்தபடியே இணையம் வழியாக மீட்டான். "அழிக்கமுன்னம் கோப்பின்ரை பேரை வாசிக்கேல்லையே?" என்றான்.

"எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது."

இத்தனை வருடம் மறைத்ததை அன்றுதான் சொன்னேன். நெஞ்சு இலேசானது.