எங்கள் பந்தலுக்கு என்ன பேர்?

போன ஆடிக் கிருத்திகைக்கு, நாங்கள் பள்ளி நண்பர்கள் சேர்ந்து திருத்தணி மலையடிவாரத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். பந்தல் போடுவது சுலபம். அதற்குப் பேர் வைப்பது இருக்கிறதே... அப்பப்பா!

'முருக பக்தர்கள் குழு' என்றோம். அதே பேரில் அந்தத் தெருவிலேயே மூன்று பந்தல்! 'பத்தாம் வகுப்பு பி பிரிவு நண்பர்கள்' என்று வாட்ஸ்அப்பில் போட்டான் கோபி. எல்லோரும் கட்டை விரலைத் தூக்கினோம். செல்வி மட்டும் குரூப்பிலிருந்து 'லெஃப்ட்' ஆனாள்.

செல்வி ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிறாள். ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து எங்களை ஒன்று சேர்த்ததே அவள்தான். அவளுக்கு என்ன கோபம்? போன் போட்டேன்.

"கோவம்லாம் இல்லடி. நான் எட்டாவதோட நின்னவ. பத்தாவதுன்னு பேனர் கட்டினா, அதுங்கீழ நின்னுகினு நான் எப்படி மோர் ஊத்துறது?"

சுருக்கென்றது. இத்தனை நாளில் எங்களில் ஒருவருக்காவது அது தோன்றியிருக்க வேண்டாமா?

கோபியிடம் சொன்னேன். "பேனருக்குச் சொல்லிட்டேனே..." என்றான். பிறகு அவனே, "வுடு, வண்டில ஏறு" என்றான்.

ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது அவனுக்கு. "செல்வி, பேனரே வேணாம்னு சொல்லிட்டேன். நீ வந்து நில்லு, போதும்!"

தறியை நிறுத்தினாள். "மோர்ல இஞ்சி தட்டிப் போடணும். அதையாவது ஒழுங்கா செய்வீங்களா?" என்றாள்.

அவ்வளவுதான். சமாதானம்!

கிருத்திகையன்று பேரில்லாத பந்தலில் இரண்டு டிரம் மோர். செல்வி ஊற்ற ஊற்றக் கூட்டம். ஆந்திராவிலிருந்து வந்த காவடிக்காரர் ஒருவர், இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத் தன் ஆட்களைத் தெலுங்கில் கூப்பிட்டார். "மஜ்ஜிக பேட்ச் இக்கட உந்தி! ரண்டி, ரண்டி!"

மஜ்ஜிக என்றால் மோர். மத்தியானத்துக்குள் போலீஸ்காரர்கூட "மஜ்ஜிக பேட்ச், கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார்!

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தப் பேர் நல்லாக்குது கோபி. இதுக்கு எத்தினாவது படிச்சிருக்கணும்?"

"ஒண்ணும் வேணாம். கை வலிக்காம ஊத்தணும்!"

நாம் யார் என்று நாமே எழுதிக்கொள்கிற பேர் பேனரோடு போய்விடுகிறது. நாம் செய்ததைப் பார்த்து அடுத்தவர் கூப்பிடுகிற பேர்தான் ஒட்டிக்கொள்கிறது.

இனி ஒரே கவலை — மோர் புளித்துவிடக் கூடாது!